புதுச்சேரியில் ஏடுகள் கணினியேறிய வரலாறு

கடலூரை அடுத்த திருப்பாதிரிப்புலியூர் பண்டு பாடலிபுரம் என வழங்கியது. அங்கே பெருஞ்சிறப்புடைய சமணப் பள்ளியொன்று இருந்தது. சக ஆண்டு 380இல், அதாவது கி.பி. 458இல், காஞ்சியை ஆண்ட சிம்மவர்மனின் இருபத்திரண்டாம் ஆட்சியாண்டில், சர்வநந்தி முனிவர் ‘லோகவிபாகம்’ என்னும் நூலைப் பாடலிகை என்னும் ஊரில் எழுதினார் என்று அந்நூலின் இறுதிப் பகுதி கூறுகிறது. அந்தப் பாடலிகை இந்தப் பாடலிபுரமே என்பது அறிஞர் பலர் கொள்கை. தீவுகள், கடல்கள், மேலுலகங்கள் ஆகியவற்றின் அளவுகளைச் சொல்ல வந்த அந்நூல் மிகப் பெரிய எண்களை இடமதிப்பு முறையில் அடுக்கிச் சொல்கிறது. வெற்றிடத்தைக் குறிக்கும் சூனியம் என்னும் சொல்லையும் ஓர் இலக்கமாகவே வைத்து எண்ணுகிறது. காலம் தெரிந்த நூல்களுள் சுழியும் இடமதிப்பும் ஒருங்கே காணப்படும் மிகப் பழைய சான்று இது எனக் கணித வரலாற்றாசிரியர் பலர் கருதுவர். இன்றைய கணினி, ஒன்று, சுழி என்னும் இரண்டே இலக்கங்களின் இடமதிப்பைக் கொண்டு இயங்குவது என்பதை எண்ணிப் பார்க்கும்போது இச்செய்தியின் அருமை விளங்கும்.

இவ்வரலாற்றில் கருதத்தக்க மற்றொன்றும் உண்டு. பாடலிபுரத்துப் பள்ளி இன்று இல்லை. அப்பள்ளியை இடித்து, அக்கற்களைக் கொண்டு திருவதிகையில் குணபரவீச்சரம் எடுக்கப்பட்டது என்று பெரியபுராணம் கூறும். சர்வநந்தி முனிவர் கைப்பட எழுதிய ஏடும் இன்று இல்லை. பிற்காலத்தில் சிம்மசூரி என்பார் வடமொழியில் மாற்றியெழுதிய வடிவமே கிடைத்துள்ளது. கட்டடம் அழிந்தது, மூல ஏடும் அழிந்தது, ஒருவர் எடுத்து மீண்டும் எழுதிய காரணத்தால் நூல் மட்டும் பிழைத்தது. ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாகிய வளையாபதியின் நிலையும் இத்தகையதே. காப்பியம் முழுதும் மறைந்துபோக, புறத்திரட்டைத் தொகுத்தவரும் உரையாசிரியர்களும் எடுத்தாண்டதால் எழுபதையொட்டிய பாடல்கள் மட்டுமே எஞ்சின. படியெடுக்கப்பட்டது வாழ்ந்தது, படியெடுக்கப்படாதது மறைந்தது.

பாடலிபுரத்திற்கு வடக்கே இருபது கிலோமீட்டரினும் சற்றே மிகுந்த தொலைவில் உள்ளது புதுச்சேரி. அந்நகரில் கடற்கரையை ஒட்டியுள்ள சிறிய ஆய்வு நிறுவனமொன்று கடந்த எழுபது ஆண்டுகளாகப் படியெடுக்கும் பணியைச் செய்து வருகிறது. எழுத்தாணிக்குப் பின் பேனா, பேனாவுக்குப் பின் ஒளிப்படக்கருவி, அதற்குப் பின் கணினி எனக் கருவிகளை மாற்றி மாற்றி அப்பணி தொடர்கிறது. அவ்வரலாறு தமிழ்ச் சமணக் குடும்பங்கள் அறிந்திருக்கத் தக்கது.

நிறுவனத்தின் தோற்றம்

1954ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் புதுச்சேரி, காரைக்கால், மாகி, ஏனாம் ஆகிய பகுதிகளின் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்டு 16ஆம் நாள் முழுமை பெற்றது. ஆட்சி மாற்றத்தை ஒட்டி இரு நாடுகளும் செய்துகொண்ட உடன்பாடுகளின் பயனாக, பிரெஞ்சு மொழியும் இந்தியவியல் ஆய்வும் இந்நகரில் தொடர வழிசெய்யப்பட்டது. அவ்வகையில் 1955 மார்ச்சு 21ஆம் நாள் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் தொடங்கப்பெற்றது. அதன் முதல் இயக்குநர் ழான் ஃபிலியோசா. கண் மருத்துவராகப் பயின்று, பின்னர் வடமொழியும் தமிழும் கற்று இந்தியவியல் அறிஞரானவர் அவர். அந்நிறுவனத்தோடு தோளிணைந்து, தூமா வீதியில் தூரகிழக்கு நாடுகளுக்கான பிரெஞ்சு ஆய்வுப் பள்ளியின் புதுச்சேரி மையமும் செயற்பட்டு வருகிறது.

இந்நிறுவனங்களின் முதற்கடமையாக அமைந்தது சுவடி தேடுதல். பண்டிதர் என். ஆர். பட் முதலியோர் 1956 முதற்கொண்டு தென்னாட்டுக் கோயில்கள், மடங்கள், குருக்கள் இல்லங்கள் ஆகியவற்றை நாடிச் சைவ ஆகமச் சுவடிகளைத் திரட்டினர். இரவலாகக் கிடைத்தவற்றைத் தாளில் படியெடுத்தனர். விலைக்கோ நன்கொடையாகவோ கிடைத்தவற்றை நிறுவனத்திலேயே வைத்துப் பேணினர். அதே காலத்தில் தமிழகத்துக் கோயில்களையும் சிற்பங்களையும் படமெடுக்கும் பணியும் தொடங்கியது. அவ்வகையில் சேர்ந்த ஒளிப்படங்கள் இன்று ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்டவை. புதுச்சேரியில் பேணப்படும் சைவச் சுவடித் தொகுதி ஏறத்தாழ 11,000 சுவடிகளைக் கொண்டது. யுனெஸ்கோ நிறுவனம் 2005இல் அதனை உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்துச் சிறப்பித்தது.

இத்தொகுதி சைவத் தொகுதியே ஆயினும், அதனைப் பேணிய முறை சமயப் பொதுவானது. ஏட்டை எவ்வாறு துடைப்பது, எவ்வாறு எண்ணிடுவது, எவ்வாறு படமெடுப்பது, எவ்வாறு அட்டவணைப்படுத்துவது என்பனவற்றில் சிவாகமத்திற்கு ஒரு முறையும் ஜினாகமத்திற்கு மற்றொரு முறையும் இல்லை.

ஏட்டின் இயல்பு

கணினி செய்த உதவியை அளந்தறிய வேண்டுமானால் ஏட்டின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும். பனையோலையைப் பதப்படுத்தி, கண்ணிட்டு, எழுத்தாணியால் கீறி, கோவையிலைச் சாறும் விளக்குக்கரியும் தடவி மையாடுவர். ஒரு கண்ணில் கயிறும் மற்றொரு கண்ணில் நாராசமும் செலுத்தி, இருபுறமும் சட்டம் வைத்துக் கட்டுவர். இவ்வாறு செய்த ஏடு இந்நாட்டின் வெப்பத்திலும் ஈரத்திலும் இருநூறு முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் நிற்பது அரிது. செல்லும் இராமபாணப் பூச்சியும் அதற்குப் பகை. ஆகவே ஒவ்வொரு சில தலைமுறைக்கும் ஒருமுறை புதிய ஏட்டில் படியெடுத்தாக வேண்டும். படியெடுக்கும் மரபு நின்றதும் பழைய ஏட்டை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்ட வழக்கம் எத்தனையோ நூல்களை நீருக்கு இரையாக்கியது.

மற்றொரு தடையும் உண்டு. பழைய ஏடுகளில் மெய்யெழுத்திற்குப் புள்ளி இராது. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு இராது. ரகரமும் காலும் ஒரே வடிவில் நிற்கும். சொற்களுக்கிடையே இடைவெளியும் இல்லை. எனவே ஏட்டைப் படித்தல் என்பது எழுத்தைக் கூட்டுதல் அன்று. யாப்பும் இலக்கணமும் பொருளும் அறிந்து ஊகித்தல் ஆகும். சமண ஏடுகளில் இத்தடை இன்னும் மிகுதி. ஸ்ரீபுராணம் போன்ற மணிப்பிரவாள நூல்களில் தமிழெழுத்தும் கிரந்தவெழுத்தும் ஒரே வரியில் விரவி வரும். தமிழ் மட்டும் அறிந்தாரும் அதனைப் படிக்கவியலாது. கிரந்தம் மட்டும் அறிந்தாரும் படிக்கவியலாது.

சமணக் குடும்பங்கள் இக்கல்வியைக் கைவிடாமல் காத்ததால் விளைந்த பயனைத் தமிழுலகம் அறியும். கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியின் பொருள் விளங்காமல் இடர்ப்பட்டபோது, அவ்வூர்ச் சமண இல்லங்களை நாடிச் சென்றார். அக்காப்பியத்தை அவர்கள் வழிவழியாகப் பாடம் கேட்டு வந்தனர். அவர்கள் தந்த விளக்கத்தின் துணையோடு 1887இல் சிந்தாமணி அச்சேறியது. ஓர் ஏடும், அதனைப் படிக்க வல்ல ஒரு குடும்பமும், அதனைத் தேடிவந்த ஓர் ஆசிரியரும் ஒருங்கு கூடியமையால் நிகழ்ந்த மீட்சி அது.

கணினி வந்தபோது எழுந்த இடர்

கணிப்பொறி இந்நாட்டு ஆய்வுலகில் புகுந்த காலத்தில் அதற்குத் தமிழ் தெரியாது. உரோமன் எழுத்தும் எண்ணும் மட்டுமே தெரியும். ஆகவே முதலில் தமிழ்ச் சொற்களை உரோமன் எழுத்தில் மாற்றியே உள்ளிட வேண்டியிருந்தது. சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களை நொபொரு கராஷிமா, எ. சுப்பராயலு, டோரு மட்சுயி ஆகிய மூவரும் கணிப்பொறியின் துணையால் தொகுத்து 1978இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டனர். ஒரு பெயர் எந்த ஊரில், எந்த மன்னன் காலத்தில், எத்தனை முறை வருகிறது என்பதைக் கைவிரலால் எண்ணித் தீராத ஓரிடத்தில் பொறி எண்ணித் தந்தது. கல்வெட்டாய்வில் அது ஒரு திருப்பம்.

அதே காலத்தில் தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த கிஃப்ட் சிரோமணியும் இத்துறையில் உழைத்தார். அச்சிட்ட தமிழெழுத்துகளைக் கணிப்பொறி தானே இனங்காணும் முறை பற்றி அவரும் அவருடன் பணியாற்றியோரும் 1978இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். 1983இல் பிராமி எழுத்துகளுக்கும் அத்தகைய முறையை வகுத்தனர். மதுரையைச் சூழ்ந்த குன்றுகளிலும் சித்தன்னவாசலிலும் உள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை சமண முனிவர் உறைந்த குகைகளில், அவர்க்கென வெட்டிய கற்படுக்கைகளை ஒட்டியவை. பெரிய ஆய்வுக்கூடம் எதுவும் அல்லாத ஒரு கல்லூரித் துறை, ஆசிரியர் சிலரின் ஆர்வத்தாலும் மாணாக்கரின் உழைப்பாலும் உலகத்தின் கண்ணில் படத்தக்க பணியைச் செய்தது. வசதி வந்த பின் செய்வோம் எனக் காத்திருப்போர்க்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

1980களின் பிற்பகுதியில் மேசைக் கணினிகள் பரவலாயின. தமிழ் எழுத்துருக்களும் தோன்றின. அப்போது வேறோர் இடர் எழுந்தது. ஒவ்வொரு நிறுவனமும் தன் எழுத்துருவில் ஒவ்வோர் எழுத்துக்கும் தனக்குத் தோன்றிய எண்ணைக் கொடுத்தது. ஒன்றில் அகரத்திற்கு உரிய எண் மற்றொன்றில் வேறெழுத்திற்கு உரியதாயிற்று. புதுச்சேரியில் தட்டச்சிட்ட கோப்பு மதுரையில் திறந்தால் பொருளற்ற குறிகளாகத் தோன்றியது. ஏட்டைச் செல்லரித்ததுபோல எழுத்துருக் குழப்பம் கோப்பை அரித்தது. இதனைத் தீர்க்க 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டில் பொதுவான விசைப்பலகையும் எழுத்துக் குறியீட்டு முறைகளும் பரிந்துரைக்கப்பட்டன. அயல்நாட்டுத் தமிழர் உருவாக்கிய ‘திஸ்கி’ முறையும் வழக்கில் இருந்தது. எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோடு முறையில் 1991ஆம் ஆண்டின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றிருந்தும், அது நடைமுறையில் நிலைபெற நெடுங்காலம் ஆயிற்று. 2010 சூன் மாதம், கோவைச் செம்மொழி மாநாட்டையொட்டி, தமிழக அரசு யூனிகோடைத் தன் அலுவல்களுக்கு உரிய முறையாக ஏற்று ஆணையிட்டது.

சமணருக்குச் சிறப்பாக உரிய நாள் 2014இல் வந்தது. அவ்வாண்டு வெளிவந்த யூனிகோடு 7.0 பதிப்பில் கிரந்தவெழுத்துக்குத் தனியிடம் கிடைத்தது. அதன் பின்னரே, ஸ்ரீபுராண ஏட்டில் எழுதியுள்ளவாறே தமிழையும் கிரந்தத்தையும் கலந்து கணினியில் எழுதவும் தேடவும் வழி பிறந்தது. 2019இல் முந்திரி, மா முதலிய பழைய பின்ன எண்களின் குறிகளும் சேர்க்கப்பட்டன. ஜினாலய நிலக்கணக்கு ஏடுகளைப் படிப்போர்க்கு இது பேருதவி.

புதுச்சேரியில் நிகழ்ந்த மேம்பாடு

இனிப் புதுச்சேரி நிறுவனம் இம்மாற்றங்களை எவ்வாறு எதிர்கொண்டது என்பதைக் காணலாம். முதற்காலத்தில் சுவடிகளைப் பற்றிய செய்திகள் சிறிய அட்டைகளில் எழுதிப் பெட்டிகளில் அடுக்கப்பட்டன. 1986இல் விளக்க அட்டவணையின் முதற்தொகுதி அச்சில் வந்தது. பின்னர் அச்செய்திகள் கணினித் தரவுத்தளமாக மாறின. அடுத்த கட்டமாகச் சுவடிகளின் ஒவ்வோர் இதழையும் இருபுறமும் எண்மப் படமாக்கினர். பழைய தாட்படிகளும் படமாக்கப்பட்டு, முக்தபோத நிறுவனத்தின் துணையால் இணையத்தில் அனைவரும் காணக் கிடைத்தன. பல பத்தாண்டுகளுக்கு முன் பண்டிதர்கள் கையால் எழுதிய படிகளே எண்மப் பதிவின் முதல் மூலங்களாயின என்பது கருதத்தக்கது. பழைய உழைப்பைப் புதிய பொறி தள்ளிவிடவில்லை. அதன்மேலேயே ஏறி நின்றது.

1990களில் அந்நிறுவனத்தில் நிலவியற் கணினிப் பிரிவு வளர்ச்சி பெற்றது. காடுகளின் வரைபடங்களை ஆக்குவதற்கும், தென்னிந்திய ஊர்களின் மக்கள்தொகையை வரைபடத்தில் காட்டுவதற்கும் அது முதலில் பயன்பட்டது. பின்னர் அதே கருவி வரலாற்றுக்கும் கைகொடுத்தது. எ. சுப்பராயலு அவர்களின் தலைமையில் தென்னிந்திய வரலாற்று நிலப்படத் தொகுதி உருவாக்கப்பட்டது. தொல்பழங்காலம் முதல் கி.பி. 1600 வரையிலான செய்திகளை ஊர்வாரியாக வரைபடத்தில் பதிக்கும் முயற்சி அது. காட்டை அளக்க வாங்கிய பொறி வரலாற்றை அளக்கவும் உதவியது. சிறிய நிறுவனங்களில் ஒரு துறைக்கு வந்த வசதி பிற துறைக்கும் பயன்படுதல் வேண்டும் என்பதற்கு இது சான்று.

தமிழிலக்கியத் துறையில் மிகவும் பேசப்பட்டது 2007இல் வெளிவந்த ‘கணினித் தேவாரம்’. ழான் லூக் செவியார், எஸ். ஏ. எஸ். சர்மா ஆகியோர் உருவாக்கிய குறுவட்டு அது. தி. வே. கோபாலையர் 1984 முதல் பிரான்சுவா குரோவுடன் இணைந்து பதிப்பித்த தேவாரப் பதிப்பு இப்பணிக்கு முன்னோடியாக அமைந்திருந்தது. எட்டாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்கள், வி. மு. சுப்பிரமணிய ஐயர் எழுதிவைத்திருந்து அச்சேறாமல் கிடந்த ஆங்கில உரை, ஓதுவார் இசை, தல வரைபடம் ஆகியன அக்குறுவட்டில் ஒருங்கே இடம்பெற்றன. எச்சொல்லையும் நொடியில் தேடிக் காணலாம்.

தேவாரம் கணினியேறியதில் சமணருக்கு என்ன பயன் என்னும் வினா எழலாம். பயன் பெரிது. திருஞானசம்பந்தர் தம் பதிகங்களில் பத்தாம் பாடலைச் சமணரையும் பௌத்தரையும் பழிப்பதற்கென்றே பெரும்பாலும் ஒதுக்கினார். அப்பாடல்கள் பகைமையின் குரலே ஆயினும், ஏழாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டுச் சமண முனிவர் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதற்குச் சான்றும் ஆகும். தலைமயிர் பறித்தல், நின்றுண்ணல், பாய் உடுத்தல் முதலிய செய்திகள் எவ்வெவ் ஊர்ப் பதிகங்களில் வருகின்றன என்பதை முன்பு ஓர் ஆய்வாளர் ஆண்டுக்கணக்கில் தேடித் தொகுக்க வேண்டியிருந்தது. இன்று ஒரு மாணாக்கர் ஒரு மாலைப்பொழுதில் தொகுத்துவிடலாம். பழித்தோரின் பாடல்கள் வரியொன்றும் சிதையாமல் தேடத்தக்க நிலையில் உள்ளன. பழிக்கப்பட்டோரின் நூல்களில் எத்தனை அந்நிலையில் உள்ளன என்பதே தமிழ்ச் சமணர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா.

இவ்வினாவுக்கு ஓரளவு விடை தரும் பணியும் புதுச்சேரியிலேயே நிகழ்ந்துள்ளது. பிரெஞ்சு நிறுவனமும் பிரெஞ்சு ஆய்வுப் பள்ளியும் சேர்ந்து தமிழ்நாட்டுச் சமணத் தலங்களை ஊர் ஊராகச் சென்று ஆவணப்படுத்தின. வழிபாட்டில் உள்ள ஜினாலயங்கள், குன்றுகளில் உள்ள கற்படுக்கைகள், வயல்வெளியில் தனித்து நிற்கும் தீர்த்தங்கரர் திருமேனிகள் ஆகியவற்றின் ஒளிப்படங்கள் இடக்குறிப்புகளுடன் எண்மத் தொகுப்பாக ஆக்கப்பட்டுள்ளன. சிற்பம் களவு போனால் அது எவ்வூரது என்று மெய்ப்பிக்க இத்தகைய படமே சான்றாக நிற்கும். ஏரிக்கரையில் மக்கள் வேறு பெயரிட்டு வணங்கும் திருமேனி எத்தீர்த்தங்கரருடையது என்பதை வருந்தலைமுறை அறியவும் அதுவே துணை.

ஆய்வுப் பள்ளியின் மையத்தில் ஏவா வில்டன் தலைமையில் சங்க இலக்கியச் சுவடிகளைப் படமாக்கி ஒப்புநோக்கும் திட்டமும் நடைபெற்றது. பல நூலகங்களில் சிதறிக் கிடந்த ஏடுகளின் படங்கள் ஓரிடத்தில் சேர்ந்தமையால், ஒரு பாடலின் பாடவேறுபாடுகளை ஒரே மேசையில் ஒப்பிட முடிந்தது. நற்றிணையின் செம்பதிப்பு 2008இலும் குறுந்தொகையின் செம்பதிப்பு 2010இலும் வெளிவந்தன. நாலடியார், பழமொழி, சிறுபஞ்சமூலம், ஏலாதி முதலிய சமணச் சான்றோர் நூல்களின் ஏடுகளுக்கும் இம்முறை பொருந்தும்.

பொறியும் முதுமையடையும்

இவ்வரலாறு முழுவதும் வெற்றியாகவே சொல்லத்தக்கது அன்று. கணினியில் ஏற்றியது என்றும் நிலைக்கும் என்னும் நம்பிக்கை தவறானது. முற்காலத்து நெகிழ்வட்டைப் படிக்கும் பொறி இன்று எளிதிற் கிடைப்பதில்லை. குறுவட்டு செருகும் இடமே இல்லாத மடிக்கணினிகள் விற்பனைக்கு வந்துவிட்டன. பழைய எழுத்துருவில் தட்டச்சிட்ட கோப்புகளை மாற்றித் தர ஆள் தேட வேண்டியுள்ளது. ஏடு இருநூறு ஆண்டுக்கு ஒருமுறை படியெடுக்க வேண்டியதாயிருந்தது. எண்மக் கோப்போ பத்தாண்டுக்கு ஒருமுறை புதிய கலத்துக்கு மாற்றப்பட வேண்டியதாயிருக்கிறது. ‘கணினித் தேவாரம்’ குறுவட்டோடு நின்றிருந்தால் இந்நேரம் பயனற்றிருக்கும். அதனை இணையத்திற்கு மாற்றியமையால் இன்றும் பயன்படுகிறது.

ஆகவே தொழில்நுட்ப மேம்பாடு என்பது புதிய பொறி வாங்குவது மட்டும் அன்று. பொறி வாங்கும் செலவு ஒருமுறை வருவது. கோப்பைப் பேணும் செலவு ஆண்டுதோறும் வருவது. பல கல்லூரிகளிலும் அறநிலையங்களிலும் முதற்செலவுக்கு நன்கொடையாளர் கிடைப்பர், இரண்டாவதற்குக் கிடைப்பதில்லை. திறப்பு விழாப் பலகை பளபளக்க, உள்ளே கணினிகள் உறையிட்டுக் கிடக்கும். புதுச்சேரி நிறுவனத்தின் சிறப்பு அது வாங்கிய பொறிகளில் இல்லை. ஏட்டைப் படிக்க வல்ல பண்டிதரையும், படமெடுக்க வல்ல கலைஞரையும், கணினி வல்லுநரையும் ஒரே கூரையின்கீழ்ப் பல ஆண்டுகள் அமர்த்தி வைத்ததில் உள்ளது. ஏட்டின் படம் ஆயிரம் இருந்தும், அதனைப் படித்துச் சொல்வார் இல்லையேல் அது வெறும் படமே.

சாத்திர தானமும் இன்றைய கடமையும்

ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் எனத் தானம் நான்கு. முற்காலத்தில் ஒரு நூலைப் படியெடுப்பித்து முனிவர்க்கோ ஜினாலயத்திற்கோ அளித்தலே சாத்திர தானம். நோன்பு முடித்தோர் அதனைச் செய்து நிறைவு பெற்றனர். தரசேன ஆசாரியரிடம் பாடங்கேட்ட புட்பதந்தரும் பூதபலியும் ஆகமத்தை ஏட்டில் நிறுத்திய நாளே சுருத பஞ்சமியாகக் கொண்டாடப்படுகிறது. அவருள் பூதபலி முனிவர் திராவிட நாட்டிற்கு வந்தார் என்பது மரபு. வாய்மொழியாக வந்ததை ஏட்டில் எழுதியமையும் அக்காலத்தின் தொழில்நுட்ப மேம்பாடே ஆகும்.

அச்சட்கண்டாகமத்தின் உரைகளாகிய தவளம் முதலியவற்றின் ஏடுகள் மூடபித்ரியில் மட்டுமே எஞ்சியிருந்தன. நெடுங்காலம் அவை தரிசனத்திற்கு மட்டும் உரியவையாக இருந்தன, படிப்பாரில்லை. பின்னர்ப் பலகால முயற்சியால் படியெடுக்கப்பட்டு, ஹீராலால் ஜைன் அவர்கள் பதிப்பித்த முதற்தொகுதி 1939இல் வெளிவந்தது. ஓரிடத்தில் மட்டும் இருந்த ஏட்டுக்குத் தீயோ வெள்ளமோ நேர்ந்திருந்தால் ஆகமத்தின் நிலை என்னவாகியிருக்கும் என்பதை எண்ணவே நெஞ்சம் நடுங்கும்.

தமிழ்ச் சமணர் வாழும் ஊர்களில், பழைய வீடுகளின் பரணிலும் பெட்டியிலும் ஏட்டுக்கட்டுகள் இன்றும் இருத்தல் கூடும். சுருத பூசையன்று மஞ்சளும் குங்குமமும் இட்டு வணங்கி, மீண்டும் பெட்டியில் வைத்துவிடுவது வழக்கம். வணங்குதல் நன்று, ஆயினும் வணங்குவதால் மட்டும் செல் விலகாது. மஞ்சளின் ஈரமே ஏட்டுக்குக் கேடாகவும் முடியும்.

இவ்வகையில் செய்யத்தக்கவை சில. ஏட்டை வெயிலில் வைத்தலும் நீரால் துடைத்தலும் கூடாது. ஒட்டிக்கொண்ட இதழ்களை வலிந்து பிரித்தல் கூடாது. அது பயிற்சி பெற்றோர் செய்ய வேண்டிய பணி. மென்மையான தூரிகையால் தூசி நீக்கி, தூய பருத்தித் துணியில் சுற்றி வைக்கலாம். படமெடுக்கும்போது ஒவ்வோர் இதழையும் இருபுறமும், விளிம்பு நான்கும் தெரியுமாறு, அளவுகோல் ஒன்றை உடன்வைத்து எடுத்தல் வேண்டும். இடப்பக்கத்து ஏட்டெண் மறையலாகாது. எழுதா இதழையும் விடலாகாது. எழுதியவர் பெயரும் ஊரும் ஆண்டும் பெரும்பாலும் இறுதி இதழில் நிற்கும். படங்களின் பெயரை யூனிகோடு தமிழில் இடுதல் வேண்டும். மூன்று படிகளேனும் செய்து, அவற்றுள் ஒன்றை வேறூரில் வைத்தல் வேண்டும். மூல ஏடு உரியவர் வீட்டிலேயே இருக்கலாம். படம் கொடுப்பதால் உரிமை போய்விடாது. 2003இல் நடுவணரசு தொடங்கிய தேசியச் சுவடி இயக்கமும், புதுச்சேரி நிறுவனம் போன்றவையும், பேணும் முறைகளுக்கு முன்மாதிரிகளாக உள்ளன.

இப்பணிக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. நல்லதோர் ஒளிப்படக்கருவி, ஒரு கணினி, ஏடு படிக்க வல்ல முதியவர் ஒருவர், கணினி அறிந்த இளைஞர் இருவர் இருந்தால் ஓர் ஊரின் ஏடுகளை ஒரு கோடை விடுமுறையில் படமாக்கிவிடலாம். கருவியை எப்போதும் வாங்கலாம். கிரந்தமும் பழந்தமிழெழுத்தும் விரவிய ஏட்டைத் தடையின்றிப் படிக்கும் முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். அவர்கள் படிப்பதைப் பக்கத்தில் அமர்ந்து கேட்டு எழுதிக்கொள்ளவும் குரற்பதிவு செய்யவும் இளைஞர் முன்வருதல் வேண்டும். இவ்வாண்டுச் சுருத பஞ்சமியில் ஏட்டுக்கட்டைப் பூசைக்கு எடுக்கும் குடும்பங்கள், மீண்டும் பெட்டியில் வைப்பதற்கு முன் அதன் இதழ்களை எண்ணி, நூற்பெயரை எழுதி, அறநிலையத்திற்குத் தெரிவித்தால், தமிழ்ச் சமணச் சுவடிகளின் முதற்பட்டியல் ஓராண்டிற்குள் உருவாகிவிடும். சாத்திர தானத்தின் இக்காலத் தொடக்கம் அதுவாகவே அமையும்.